கேளுங்கோ, சொல்லுறன்: நீங்கள் சுவிச்சைப் போடேக்க எந்த மிசின் புகைக்குது?

போன இதழில கரண்ட் எங்க இருந்து வருதெண்டு ஒரு சின்னப் பதில் தான் எழுதினது, அதுக்கு வந்த கேள்வியள் ஒரு கட்டு. மன்னார்க் காத்தாடி, கூரைச் சோலர், மண்ணெண்ணெய் மிசின், கேஸ் அடுப்பு எண்டு எல்லாம் கலந்து கேட்டிருக்கினம், ஆனா கடைசியில எல்லாரும் கேக்கிறது ஒண்டைத்தான், இதை விட்டிட்டு அதுக்கு மாறினா புகை, அதாவது காபனீரொட்சைட்டு, குறையுமோ எண்டு. அதால இந்த முறை முழுப்பக்கமும் அதுக்கே.

ஐயா, மன்னாரில இவ்வளவு காத்தாடி சுத்துது, பளையிலயும் நிக்குது. அப்ப எங்கட வடக்கு மாகாணத்துக் கரண்ட் சுத்தமான கரண்ட் தானே? எங்கட வீட்டுக் கரண்டில காபன் பூச்சியம் எண்டு புரொஜெக்ட்டில எழுதலாமோ?
— உயர்தர மாணவி, வவுனியா

எழுதாதேங்கோ பிள்ளை, மாக்ஸ் வெட்டுப்படும். மன்னார்த் தீவின்ர தெற்குக் கரையில நிக்கிற தம்பபவனி காற்றாலையில 30 காத்தாடி, ஒண்டு 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில தொடக்கினது. பளைப் பக்கம் 2014இல வந்தது 10 மெகாவாட் படி ரெண்டு. இந்தக் கரண்ட் ஒண்டும் வவுனியாவுக்கெண்டு பேர் எழுதிக்கொண்டு வாறேல்லை, நாட்டின்ர பெரிய கம்பியில ஏறிக் கலந்திடுது, கலந்தாப் பிறகு நுரைச்சோலை நிலக்கரிக் கரண்ட் எது விக்டோரியா நீர்மின் எது எண்டு ஆராலும் பிரிக்கேலாது. உங்கட வீட்டு பல்ப்புக்கும் கொழும்பில ஒரு ஹோட்டல் ஏசிக்கும் போறது ஒரே கலவை தான்.

அப்ப காத்தாடியால என்ன பிரயோசனம் எண்டு கேப்பியள். பிரயோசனம் வேற இடத்தில நடக்குது. கரண்டைச் சேத்து வைக்க எங்கட நாட்டில பெரிசா இடமில்லை, சனம் அந்த நொடியில எவ்வளவு எடுக்குதோ அவ்வளவு தான் அந்த நொடியில உற்பத்தி செய்யோணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. மன்னாரில காத்து நல்லா அடிச்சு 80 மெகாவாட் கூட வந்தா வேற எங்கயோ ஒரு மிசினை 80 மெகாவாட்டுக்கு அடக்கோணும். அந்த அடங்கின மிசின் எது? அதைத் தெரிஞ்சா தான் புகை எவ்வளவு குறைஞ்சதெண்டு சொல்லலாம்.

நுரைச்சோலை அடங்கினா நல்ல லாபம். அங்க ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 400 கிராம் நிலக்கரி எரியுது, ஆனா வெளிய வாற காபனீரொட்சைட்டு ஒரு கிலோவுக்குக் கிட்ட. 400 கிராம் எரிச்சா எப்பிடி ஒரு கிலோ வரும் எண்டு போன முறையும் ஒருத்தர் சண்டை பிடிச்சவர். கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைக்கு விளங்கும் தானே, 12 கிராம் காபன் காத்தில இருக்கிற ஒட்சிசனில 32 கிராமைச் சேத்துக்கொண்டு 44 கிராமாப் போகுது, மிச்சப் பாரம் எல்லாம் காத்தில இருந்து வந்தது. டீசல், உலை எண்ணெய் மிசின் அடங்கினா யூனிட்டுக்கு 700 கிராம் அளவில மிச்சம். நீர்மின் அடங்கினா அந்த நேரத்தில ஒரு கிராமும் மிச்சமில்லை, ஆனா அந்தத் தண்ணி குளத்தில நிக்கும், பின்னேரம் திறந்து விட்டா அப்ப ஒரு டீசல் மிசினை நிப்பாட்டலாம். அதால நீர்மின்னை அடக்கினது வீண் எண்டு ஒருக்காலும் நினைக்காதேங்கோ.

இதில எனக்குப் பிடிக்காத விசயம் ஒண்டு இருக்கு. எந்த மிசினை முதல் அடக்கிறதெண்டு புகையைப் பாத்து முடிவெடுக்கிறேல்லை, காசைப் பாத்துத் தான். டீசல் விலை கூட, அதால அது முதல் நிக்கும். நிலக்கரி மலிவு, அதோட அந்தப் பெரிய கொதிகலனை நினைச்ச நேரம் ஏத்தி இறக்கவும் ஏலாது, ஒரு அளவுக்குக் கீழ போனா அணைஞ்சே போயிடும். அதால யூனிட்டுக்கு ஆகக்கூடப் புகை விடுற மிசின் தான் ஆகக் கடைசியா அடங்குது. நுரைச்சோலை 900 மெகாவாட், 2011இல முதல் பகுதி தொடங்கி 2014இல மூண்டும் முடிஞ்சது, அண்டைக்கு இருந்து அது தான் எங்கட நாட்டுக் கரண்டின்ர அடித்தளம்.

காலத்தையும் பாருங்கோ. சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து வைகாசியில இருந்து புரட்டாசி மட்டும் அடிக்கேக்க மன்னார்க் காத்தாடி முழு மூச்சா சுத்தும், அதே சோளகத்தால நுரைச்சோலைக் கடல் கொந்தளிச்சு நிலக்கரிக் கப்பலில இருந்து பாதைப் படகில இறக்கேலாது, அதால மாரியிலயும் பங்குனி சித்திரை மட்டும் கடல் அடங்கி இருக்கிற மாதங்களிலயும் இறக்கி மலை மாதிரிக் குவிச்சு வச்சுத் தான் மிச்ச மாதம் ஓட்டுறது. சோளகம் மலைநாட்டுக்கு மழையும் கொண்டு வாறதால குளங்களும் அப்ப நிறையும். மாசி பங்குனியில காத்தும் இல்லை, மலையில தண்ணியும் இறங்கிப் போகும், அப்ப தான் எண்ணெய் மிசின் எல்லாம் எழும்பும். ஒரே வீடு, ஒரே பல்ப், ஆனா ஆடியில எரியிறதும் பங்குனியில எரியிறதும் ஒரே புகை இல்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டும் வேற கதை. அங்க பெரிய கம்பி இல்லை, டீசல் ஜெனரேட்டர் தான், அங்க காத்தும் சோலரும் பற்றறியும் வைக்க இந்தியா காசு குடுத்த திட்டம் ஒண்டு நடக்குது. அங்க எந்த மிசின் அடங்கும் எண்டு யோசிக்கவே தேவையில்லை, இருக்கிறது அந்த ஒண்டு தான். புரொஜெக்ட்டுக்கு அதை எடுங்கோ பிள்ளை, கணக்கு லேசு. வடக்கை எடுக்கிறதெண்டா "எங்கட மாகாணத்தில உற்பத்தியாகிறது", "எங்கட மாகாணம் பாவிக்கிறது" எண்டு ரெண்டு தலைப்பாப் பிரிச்சு எழுதுங்கோ.

2030இல 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டு அரசாங்கம் சொல்லுது. 70 வீதம் எண்டா புகை 70 வீதம் குறையுமா?
— ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மாங்குளம்

இல்லை ஐயா. 1990களின்ர தொடக்கத்தில எங்கட நாட்டுக் கரண்ட் கிட்டத்தட்ட முழுக்க நீர்மின், 70 என்ன, 90 வீதத்துக்கும் மேல. பேந்து 1996இல மழை பொய்ச்சு நாடே இருட்டில கிடந்தது, அதுக்குப் பிறகு எண்ணெய் வந்தது, பேந்து நிலக்கரி வந்தது. ஆனா அந்த நீர்மின் குறையேல்லை, விக்டோரியாவும் கொத்மலையும் அப்பிடியே தான் நிக்குது, மேல் கொத்மலை வேற புதுசாச் சேந்தது. சனம் பாவிக்கிறது கூடினது, கூடினதை எல்லாம் எரிச்சு நிரப்பினது. இனி நாளைக்கு 70 வீதம் வந்தாலும் மொத்தப் பாவனை ரெண்டு மடங்கா ஏறினா மிச்ச 30 வீதம் இண்டைக்கு எரிக்கிறதை விடப் பெரிசா குறைஞ்சிருக்காது. வீதத்தை விட்டிட்டு வருசத்துக்கு எத்தினை தொன் நிலக்கரி இறக்கினது, எத்தினை லீற்றர் எண்ணெய் எரிச்சது எண்டு கேளுங்கோ, அதில ஆரும் சுத்தேலாது.

அண்ணை, கடன் எடுத்துத் தான் கடைக் கூரையில சோலர் போட்டனான். 2025 சித்திரை வருசப்பிறப்புக்கு நிப்பாட்டி வையுங்கோ எண்டு மெசேஜ் வந்தது. அதுக்கு முன்னம் மாசியில நாடு முழுக்க கரண்ட் போனதும் சோலரால தான் எண்டு கதைக்கினம், பிறகு குரங்கு எண்டினம். நான் நாட்டுக்கு நல்லது செய்யிறனோ கெட்டது செய்யிறனோ?
— பலசரக்குக் கடைக்காரர், கிளிநொச்சி

நல்லது தான் தம்பி, ஆனா எல்லா நேரமும் ஒரே அளவு நல்லதில்லை.

முதல் குரங்குக் கதை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில குரங்கு ஒண்டு பாஞ்சு கோளாறு வந்ததெண்டு அமைச்சரே சொன்னவர், உலகமே சிரிச்சது. ஆனா உபநிலையத்தில குரங்கு, பாம்பு, அணில் பாயிறது எல்லா நாட்டிலயும் நடக்கிறது தான், அதுக்கெல்லாம் முழு நாடும் இருட்டாப் போறேல்லை. அண்டைக்கு ஞாயிறு, ஒபிஸ் பூட்டு, பக்டரி பூட்டு, பாவனை குறைவு, நல்ல வெய்யில், கூரைச் சோலர் எல்லாம் முழுசா ஊத்துது, அதால சுத்துற பெரிய மிசின் கனக்க நிப்பாட்டி இருந்தது.

அதில என்ன பிழை? லான்ட்மாஸ்டரில உழுதிருப்பியள் தானே, வேர் ஒண்டில கலப்பை முட்டேக்க எஞ்சின் டக்கெண்டு நிக்காமல் ஒரு தள்ளுத் தள்ளுமே, அந்தத் தள்ளு பிளைவீலின்ர பாரத்தில இருந்து வாறது. நீர்மின், நிலக்கரி, எண்ணெய் எல்லாத்திலயும் அப்பிடித் தொன் கணக்கில ஒரு பாரம் சுத்திக்கொண்டு இருக்குது, எங்கயாவது அடி விழுந்தா அந்தப் பாரம் கொஞ்ச நேரம் தாங்கும். சோலரில சுத்துற சாமான் ஒண்டுமே இல்லை, உங்கட இன்வேட்டர் கம்பியில கொஞ்சம் குழப்பம் கண்டா உடன கையை எடுத்திடும். அடி விழேக்க தாங்கிறதுக்குப் பாரம் காணாது, ஒண்டு விழ மற்றது விழ எல்லாம் போச்சுது. நுரைச்சோலை மூண்டு பகுதியும் விழுந்து, அதைத் திரும்ப எழுப்ப நாள்கணக்காப் போய், அதுக்குள்ள மின்வெட்டு வேற.

ஆக, பிழை உங்கட சோலர்த் தட்டில இல்லை. தட்டு வர முதல் வந்திருக்க வேண்டிய பற்றறியும் அப்பிடித் தாங்குற சாமானுகளும் வரேல்லை, 2016இல சூரிய பல சங்கிராமம் எண்டு தொடங்கி எல்லாரையும் போடச் சொல்லிப்போட்டு கம்பியை அப்பிடியே விட்டினம். நான் மின்சார சபையில இருந்த ஆக்களோட கதைக்கேக்க அவையும் இதைத் தான் சொல்லுவினம், ஆனா பேர் போடாதேங்கோ எண்டுவினம்.

இப்ப புகைக் கணக்குக்கு வாங்கோ. சோலர் குறைவா இருந்த காலத்தில பகல் ஒரு மணிக்கு உங்கட கூரை குடுக்கிற ஒரு யூனிட் ஒரு எண்ணெய் மிசினை அடக்கும், 700 கிராம் மிச்சம். கன பேர் போட்டாப் பிறகு பகலில எண்ணெய் மிசின் எல்லாம் ஏற்கனவே நிண்டிட்டுது, நீர்மின்னும் ஆகக்குறைஞ்ச அளவில, நிலக்கரியை இனி இறக்கேலாது. அந்த நேரத்தில உங்கட யூனிட்டால அடக்க மிசின் இல்லை, அதால தான் பகல் மூண்டு மணி வரைக்கும் நிப்பாட்டி வைக்கச் சொன்னது. முதல் ஆள் போட்ட தட்டும் கடைசி ஆள் போட்ட தட்டும் ஒரே விலை, ஒரே வெய்யில், குறைக்கிற புகை மட்டும் வேற. அதே நாள் பின்னேரம் ஆறரைக்கு சனம் எல்லாம் லைட்டும் ரீவியும் போட, சோலர் ஒரு சொட்டும் இல்லை, எண்ணெய் மிசின் எல்லாம் சேந்து உறுமும். உங்கட கடைப் பிறிஜ்ஜை, ஐஸ் போடுறதை, மா அரைக்கிற மிசின் இருந்தா அதை, எல்லாத்தையும் பகலுக்குத் தள்ளுங்கோ. காசில்லாத பற்றறி அது தான்.

சோலர் தட்டு சீனாவில நிலக்கரியில செய்யிறது தானே, அப்ப அதில என்ன பசுமை?
— முகவரி இல்லாமல் வந்தது

உண்மை, செய்யேக்க புகை வரும். அதையும் சேத்துத் தான் ஐக்கிய நாடுகள் காலநிலைக் குழு 2014இல கணக்குப் போட்டது, கிண்டுறதில இருந்து கழிக்கிறது மட்டும் எல்லாம் சேத்து யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், கேஸ் 490, கூரைச் சோலர் 41, நீர்மின் 24, கரைக் காத்தாடி 11. நிலக்கரியை நான் மேல ஒரு கிலோவுக்குக் கிட்ட எண்டனான், இது 820 எண்டுது, அது அப்ப புதுசாக் கட்டக்கூடிய மிசினுகளின்ர நடுக்கணக்கு. எப்பிடிப் பாத்தாலும் சோலர் இருபதில ஒரு பங்கு.

சண்டைக்காலத்தில 1990இல இருந்து 2009 மட்டும் வன்னியில கரண்டே இல்லை. காரில்லை, ஏசி இல்லை. அப்ப உலகத்திலயே பசுமையான சனம் நாங்கள் தானோ தம்பி?
— பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

ஐயா, பகிடியாக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி.

ஆள் ஒண்டுக்கு எண்டு பாத்தா எங்கட புகை கனக்கக் குறைவாத் தான் இருந்திருக்கும். ஆனா ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு புகை எண்டு பாத்தா நாங்கள் ஆக மோசம். மண்ணெண்ணெய்த் தடை, கிடைக்கிற துளியை ஜாம் போத்தல் விளக்கில விட்டுப் பிள்ளையள் படிச்சதுகள். சின்னத் திரி விளக்கு மணிக்கு 10 கிராம் எண்ணெய் குடிச்சா 30 கிராம் காபனீரொட்சைட்டு, வெளிச்சம் புத்தகத்தில ஒரு பக்கத்துக்குத் தான் காணும், மூக்குக்குள்ள கரி வேற. இண்டைக்கு 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஒரு மணித்தியாலம் எரிஞ்சா, முழுக் கரண்டும் நுரைச்சோலையில இருந்து வந்தாலும், 9 கிராம் அளவில தான், வெளிச்சம் அறை முழுக்க. நிலக்கரிக் கரண்டே குப்பி விளக்கை வெல்லுது. மோட்டச்சைக்கிளும் அப்பிடித் தான், சூப்பியால ரெண்டு துளி பெற்றோல் அடிச்சு ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில ஓட்டினது, பின்னால வாறவனுக்கு றோட்டுத் தெரியாது.

அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், தெற்கில இருந்து வந்த லக்சபானாக் கம்பி அறுந்து, டீசல் மிசினில கன வருசம் ஓடினது, 2009க்குப் பிறகு கம்பி திரும்ப இழுத்து கிளிநொச்சி தாண்டி சுன்னாகம் மட்டும் போனாப் பிறகு தான் அந்த டீசல் அடங்கினது. ஒரு பிரதேசம் ஒரு நாளில கலவை மாறினதுக்கு எங்கட கண்ணுக்கு முன்னால இருக்கிற சாட்சி அது. ஆனா கரண்ட் இல்லாமல் கிடந்ததை ஆரும் பசுமை எண்டு சொன்னா நான் கோவிப்பன். அது பட்டினி கிடந்தவனை டயற் எண்டு சொல்லுற கதை.

விசுவமடுவில வெங்காயமும் கச்சானும் செய்யிறன். ரெண்டிஞ்சி மண்ணெண்ணெய் மிசின். சோலர் பம் போடச் சொல்லி ஒரே கரைச்சல். கரண்ட் மோட்டர் போடுறதோ சோலர் போடுறதோ?
— விவசாயி

அண்ணை, உங்கட கேள்வி தான் இந்தக் கட்டிலயே ஆக லேசு, ஏனெண்டா அடங்கப் போற மிசின் உங்கட காணிக்குள்ளயே நிக்குது.

மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் எரிஞ்சா இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டு. மணிக்கு ஒரு லீற்றர் எண்டு வையுங்கோ, நாளுக்கு மூண்டு மணித்தியாலம், போகத்தில நூறு நாள் இறைச்சா 300 லீற்றர், 750 கிலோ. ஒரு குதிரைவலு கரண்ட் மோட்டர் மணிக்கு ஒரு யூனிட் அளவில எடுக்கும், அது முழுக்க நிலக்கரியா இருந்தாலும் ஒரு கிலோ தான், அரைவாசிக்கும் கீழ. பகலில இறைச்சா பகல் சோலரும் கலவையில இருக்கிறதால இன்னும் குறையும். சோலர் பம் எண்டா எரிக்கிறது ஒண்டுமே இல்லை.

காசும் பாருங்கோ, 2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே நாளில 340 ரூபாவுக்குப் பாஞ்சது மறந்திருக்க மாட்டியள். கரண்ட் கம்பம் காணிக்குக் கிட்ட இருந்தா மோட்டர் மலிவு, தூரமா இருந்தா கம்பம் நடுற காசுக்கு சோலர் வாங்கலாம்.

ஒண்டே ஒண்டு. இவ்வளவு காலமும் உங்களை அளவா இறைக்க வச்சது எண்ணெய் விலை தான். சோலரில விலை இல்லை, விடிய ஓடத் தொடங்கினா பொழுது படும் வரைக்கும் ஓடும், பக்கத்துக் காணிக்காரரும் போட்டா கிணறு எல்லாம் சித்திரைக்கு முதலே அடியைக் காட்டும். தண்ணியை நேர பாத்திக்கு விடாமல் தாங்கி ஒண்டு கட்டி நிரப்பி, தூவல் இல்லாட்டி சொட்டு நீருக்குப் போங்கோ.

தங்கச்சி கனடாவில, மச்சான் ஜேர்மனியில. ஒராள் தங்கட நாடு நிலக்கரியை நிப்பாட்டிட்டுது எண்டுறா, மற்றவர் தங்கட நாடு அணு உலையை நிப்பாட்டிட்டுது எண்டுறார். வாட்சப்பில ஒரே சண்டை. ஆர் வெண்டது?
— முள்ளியவளை

தங்கச்சி. ஒன்ராறியோ மாகாணத்தில 2003இல கரண்டில கால்வாசி நிலக்கரி, 2014 சித்திரையில கடைசி நிலக்கரி மிசினையும் நிப்பாட்டிச்சினம். காத்தாடியால எண்டு அவ சொன்னா நம்பாதேங்கோ, பெரும்பங்கு நிண்டு கிடந்த அணு உலைகளைத் திருத்தி ஓட்டினது, மிச்சத்துக்கு கேஸ், காத்து, பாவனைக் கட்டுப்பாடு. இப்ப அந்த உலைகள் திருத்த வேலைக்கு நிக்கேக்க கேஸ் கூட எரியுது, புகையும் கூடுது.

ஜேர்மனி 2023 சித்திரையில கடைசி மூண்டு அணு உலையையும் பூட்டினது. அந்த வருசம் அங்க நிலக்கரி கூடேல்லை, குறைஞ்சது, அதைத் தான் மச்சான் பிடிச்சுக்கொண்டு நிப்பார். பாவனை குறைஞ்சது, காத்தும் சோலரும் கூடினது, வெளிநாட்டுக் கரண்டும் வாங்கினது, அதால குறைஞ்சது. உலை ஓடிக்கொண்டு இருந்திருந்தா இன்னும் குறைஞ்சிருக்கும் எண்டது என்ர எண்ணம், ஏனெண்டா புதுசா வந்த காத்தும் சோலரும் உலை விட்ட இடத்தை நிரப்பாமல் நேர நிலக்கரியை அடக்கியிருக்கும். பயம், கழிவு எண்டு அவைக்கு வேற நியாயம் இருக்கு, அது வேற சண்டை, மச்சானை அதில பிடிக்க விடுங்கோ.

காத்தாடி நல்லதெண்டு எழுதுறியள். மன்னாரில நாங்கள் வேண்டாம் எண்டு றோட்டில இருந்தது உங்களுக்குத் தெரியாதோ?
— மன்னார்ப் பட்டினம்

தெரியும் அக்கா. 2025இல நாள்கணக்கா இருந்தனியள். உங்களை அபிவிருத்திக்கு எதிரானவை எண்டு எழுதின ஆக்களில நான் இல்லை.

மன்னார்த் தீவு சின்னன், தாழ்ந்த நிலம், மாரி மழைக்குத் தண்ணி ஓட இடம் தேடுற ஊர், அதுக்குள்ள பெரிய அத்திவாரமும் பார வாகனம் போற றோட்டும் போட்டா தண்ணி ஆற்றயோ வீட்டுக்குள்ள தான் போகும். மத்திய ஆசியாவில இருந்து வாற பறவையள் இறங்கிற வாசலே அது தான், பக்கத்தில வங்காலைச் சரணாலயம் ராம்சார் இடம், அதாவது ஈரநிலங்களைக் காக்கிற உலக ஒப்பந்தத்தில சேத்த இடம். காத்துக்கு ஆக நல்ல இடமும் பறவைக்கு ஆக நல்ல இடமும் ஒரே இடமாப் போனது தான் கரைச்சல். இந்தியக் கம்பனி ஒண்டு மன்னாரிலயும் பூநகரியிலயும் 484 மெகாவாட்டுக்கு வாறமெண்டு 2025 பெப்ரவரியில விலகினது, அது விலைப் பிரச்சினை.

புகைக் கணக்கு மட்டும் சொல்லுறன். 100 மெகாவாட் காத்தாடி வருசத்தில சராசரியா 35 வீதம் ஓடினா 30 கோடி யூனிட். எண்ணெய் அடங்கினா ரெண்டு லட்சம் தொன்னுக்கு மேல மிச்சம், நிலக்கரி அடங்கினா மூண்டு லட்சத்துக்குக் கிட்ட. இந்தக் கணக்கு காத்தாடி மன்னார்த் தீவில நிண்டாலும் பூநகரிக் கரையில நிண்டாலும் பெரிசா மாறாது, கொஞ்சக் காத்து குறையும், அவ்வளவு தான். அப்ப எதுக்கு அந்தத் தீவுக்குள்ளயே முண்டுகினம் எண்டு நீங்கள் கேக்கிறது சரியான கேள்வி. அதோட மன்னாருக்கு எண்டு யூனிட்டுக்கு ஒரு சதமாவது வாறதெண்டு எழுத்தில வந்திருந்தா கனக்க பேர் முதலே இருந்து கதைச்சிருப்பினம்.

கேஸ் விலைக்கு இனி கரண்ட் அடுப்பு வாங்குவமோ எண்டு யோசிக்கிறன். எலெக்ரிக் ஸ்கூட்டரும் வாங்கினால் என்ன எண்டு மகன் கேக்கிறான். புகையும் குறையும் தானே?
— நெடுங்கேணி

ஸ்கூட்டர் ஓம், அடுப்பு பாத்து.

பெற்றோல் மோட்டச்சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினா கிலோமீற்றருக்கு 50 கிராம் அளவில. கரண்ட் ஸ்கூட்டர் 100 கிலோமீற்றருக்கு மூண்டு யூனிட் எடுத்தா, ஆக ஊத்தைக் கரண்டிலயும் 30 கிராம். மகனுக்கு வாங்கிக் குடுங்கோ, சார்ச் போடுறதை மட்டும் பின்னேரத்தில போடாமல் பகலில இல்லாட்டி சாமத்தில போடச் சொல்லுங்கோ. காருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு வடிவா வராது, முழுக்க நிலக்கரியில சார்ச் பண்ணினா சின்னப் பெற்றோல் காரும் கரண்ட் காரும் கிட்டத்தட்ட ஒண்டு.

அடுப்பு வேற. கேஸ் ஒரு கிலோ எரிஞ்சா மூண்டு கிலோ காபனீரொட்சைட்டு. சட்டிக்குப் போய்ச் சேருற சூட்டை வச்சுப் பாத்தா, பின்னேரம் ஏழு மணிக்குக் கரண்ட் அடுப்பில சமைக்கிறது கேஸை விடக் கூடப் புகை, ஏனெண்டா அந்த நேரம் எண்ணெய் மிசினில எரிச்சு அரைவாசிக்கு மேல சூட்டை வானத்துக்கு விட்டு, மிச்சத்தைக் கரண்டாக்கி, கம்பியில கொஞ்சம் துலைச்சு, திரும்பச் சூடாக்கிறம். அதையே பகல் பன்னிரண்டுக்கு றைஸ் குக்கரில சோறு போட்டா கரண்ட் வெல்லும். பின்னேர இடியப்பத்தை கேஸில அவியுங்கோ. விறகும் இருக்குது, வளவுக்கு வேலியா நிக்கிற கிளிசரியாவை வெட்டி எரிச்சு அது திரும்பத் தளைச்சா புகைக்கணக்கு சமன், காட்டில பாலையும் வீரையும் தறிச்சு எரிச்சா சமனில்லை, அது திரும்ப வளர உங்கட பேரப்பிள்ளையள் வரோணும். எப்பிடியெண்டாலும் குசினிக்குப் புகைபோக்கி வையுங்கோ, உங்கட நெஞ்சு முதல்.

சோலரோட பற்றறியும் வாங்கச் சொல்லி ஆக்கள் வீடு தேடி வருகினம். அஞ்சு யூனிட் பிடிக்கிற பற்றறி. பற்றறி செய்யிறதும் ஊத்தை வேலை தானே? ஒரு வீட்டால என்ன குறையப் போகுது?
— ஆசிரியை, ஒட்டுசுட்டான்

ரீச்சர், பகலில அடக்க மிசின் இல்லாமல் நிக்கிற அஞ்சு யூனிட்டைப் பிடிச்சு வச்சு ஏழு மணிக்கு விட்டா எண்ணெய் மிசின் அடங்கும். பற்றறியில ஏத்தி இறக்கிறதில பத்து வீதம் துலைஞ்சாலும் நாளுக்கு மூண்டு கிலோ, வருசத்துக்கு ஒரு தொன். பற்றறி செய்யேக்க வந்த புகை அந்த அளவுப் பற்றறிக்கு அரைத் தொன்னுக்கு உள்ள இருக்கும், முதல் வருசத்துக்குள்ளயே கழிஞ்சிடும், பற்றறி பத்து வருசம் நிக்கும். எங்கட நாட்டில ஆள் ஒண்டுக்கு வருசப் புகையே சராசரி ஒரு தொன் அளவில தான், உங்கட தங்கச்சி ஆரும் கனடாவில இருந்தா அவவுக்குப் பதினாலு தொன் வரும்.

ஆனா பகலில வெட்டில்லாமல் உங்கட சோலர் முழுக்கக் கம்பிக்குப் போய் இன்னும் ஒரு எண்ணெய் மிசினை அடக்கிற நாளுகளில இந்த லாபம் இல்லை, அங்க குறைச்சதை இங்க குறைக்கிறியள், அவ்வளவு தான். மாசி பங்குனி வரட்சியில அப்பிடித் தான் நடக்கும். வீடு தேடி வாற ஆளிட்ட ரெண்டு கேள்வி கேளுங்கோ, பற்றறி லித்தியம் இரும்பு பொஸ்பேற்றோ, பின்னேரம் கம்பிக்குத் திரும்ப விட இன்வேட்டர் விடுமோ எண்டு. ரெண்டாவதுக்கு இல்லை எண்டா அது கரண்ட் போனா உங்கட வீட்டுக்கு மட்டும் லைட், விலையை அதுக்கேத்த மாதிரிக் குறைச்சுக் கேளுங்கோ.